கறுப்பெண்ணெயும் பால்வெட்டும் கையும்
(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஓய்வு நாளில் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதன் எண்ணெயைத் தாமே மாற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. பட்டறைக் கூலி மிச்சமாகிறது. வண்டியின் நிலையும் தெரிந்துவிடுகிறது. நல்ல வழக்கமே. ஆனால், வேலை முடிந்ததும் பெட்ரோலில் நனைத்த துணியால் கைகளைத் தேய்த்துக்கொள்கிறார்களே, அதைப் பற்றித்தான் இன்று பேச விழைகிறேன்.

பெட்ரோல் கறையை நொடியில் அகற்றும் என்பது உண்மை. கறையோடு தோலின் இயற்கையான பசையையும் அது கரைத்துவிடுகிறது. பசை நீங்கிய தோல் வறண்டு வெடிக்கும். அரிப்பும் புண்ணும் தோன்றும். விடியற்காலையில் கத்தி பிடித்து மரம் சீவும் கையில் வெடிப்பு உண்டானால் என்ன பாடு என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெயும் அப்படித்தான். தீப்பற்றும் அபாயம் வேறு.

புதிதாக ஊற்றும் எண்ணெய் தேன் நிறத்தில் இருக்கிறது, இறக்கும்போது கறுத்திருக்கிறது. எரிபொருள் எரிந்த கரியும் தேய்ந்த உலோகத் துகள்களும் அதில் கலந்துவிடுகின்றன. புற்றுநோயை உண்டாக்கவல்ல பொருள்களும் சேர்கின்றன. ஒருமுறை பட்டதற்காக அஞ்ச வேண்டாம்; ஆண்டுக்கணக்கில் தோலில் ஊறுவதே தீது.

இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்பு இயந்திரத்தின் எண்ணெய் தொழிலாளரின் காற்சட்டையில் தெறித்து ஊறியது. அவர்களுக்கு வந்த தோல் புற்றுநோய் 1887-இல் மான்செஸ்டரில் முதன்முதலாகப் பதிவாயிற்று. தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவர் இருவர் 1922-இல் வெளியிட்டனர். பாதுகாப்பு விதிகளோ 1953-இல்தான் வந்தன! அது வேறு வகை எண்ணெய்தான். எனினும் எண்ணெய்த் துணியைக் காற்சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் இளைஞர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

கையுறை அணியலாமே என்பீர்கள். எந்தக் கையுறை? துணிக் கையுறை எண்ணெயை உறிஞ்சித் தோலிலேயே பிடித்துவைக்கும். இயற்கை ரப்பர் கையுறையோ எண்ணெயில் ஊறிப் பருத்து வலுவிழக்கும். நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறையே இதற்குத் தாங்கும். பால்மரத்தை நம்பி வாழும் உங்களிடம் இதைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இயந்திரத்தைச் சிறிது ஓடவிட்டால் எண்ணெய் இளகி நன்றாக வடியும். உடனே திருகாணியைக் கழற்றினால் கை வெந்துபோகும். பத்து நிமிடமேனும் ஆறவிடுங்கள். புகைக்குழாய் அதன் பின்னும் சுடும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை இவ்வேலையைத் தள்ளிவையுங்கள்.

கறை பட்டுவிட்டால் சமையல் எண்ணெய் சிறிது தேய்த்துத் துடைத்து, பின்னர் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவலாம். நகக்கண்ணுக்குப் பழைய பல்துலக்கி போதும். இறுதியில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். ஆறாத புண்ணோ தடிப்போ கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இறக்கிய எண்ணெயை நாயின் சொறிக்குப் பூசுவதும் கால்வாயில் கொட்டுவதும் வேண்டாம். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அது கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. சிறிய மோட்டார் சைக்கிளில் இறங்குவது ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். மூடியுள்ள டின்னில் ஊற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்திருந்து, பழைய எண்ணெயைப் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.