வாளின் வேரைத் தேடி



ஈப்போவைச் சூழ்ந்திருந்த ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பால்மரம் சீவிய கத்தி நம் கையை விட்டுப் போயிற்று; சொல் மட்டும் நாவில் நிற்கிறது. எழுத்தே இல்லாத காலத்து ஆயுதத்தை இப்படி நின்றுவிட்ட சொல்லைக் கொண்டு அறிய முடியுமா? இதையே இன்று நாம் ஆராய்வோம்.

வாளுக்கு வடமொழியில் 'அசி' என்று பெயர். உரோமர்கள் இலத்தீனில் 'என்சிஸ்' என்றார்கள். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்கிறார்கள் மொழிநூலார். எப்படி? நூறு என்பதற்கு வடமொழியில் 'சதம்', இலத்தீனில் 'கெந்தும்'. அங்கே மெல்லொலி நிற்கும் இடத்தில் இங்கே அகரம் மட்டும் நிற்கிறது. நாம் கடையில் எண்ணிக் கொடுக்கும் 'சென்' கூட அந்தக் கெந்துமின் வழிவந்ததே. ஒரு சொல்லில் கண்டால் தற்செயல் எனலாம். பல சொற்களில் கண்டால் அது விதி. அவ்விதியைக் கொண்டு 'ன்சிஸ்' போன்ற ஒரு மூலச்சொல்லை மீட்டெடுத்தார்கள். காதால் கேட்டவர் எவருமில்லாததால், அதன் முன் ஓர் உடுக்குறி இட்டு எழுதுவது மரபு.

சொல் கிடைத்தது, பொருள் கிடைத்ததா? அந்த மூலமொழி ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் வழங்கியது என்பது அறிஞர் பலரின் கருத்து. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வாள்களோ, துருக்கியின் அர்சுலான்தெப்பேயில் அகழ்ந்தெடுத்த செம்பு வாள்கள். அவற்றின் வயது சுமார் 5,000 ஆண்டுகள். ஆகவே அச்சொல் முதலில் குறுங்கத்தியையே குறித்திருக்கலாம். ஆயுதம் நீண்டது, பெயர் பழையதாகவே நின்றது. இதில் வியப்பில்லை. காய் நறுக்குவதும் கத்தி, மரம் சீவியதும் கத்தி, திரைப்படத்தில் வீரர்கள் வாளேந்திப் பொருதால் அதுவும் 'கத்திச் சண்டை'தானே!

அசி என்பது தமிழ் நிகண்டிலும் உண்டு. அதனால் தமிழும் இலத்தீனும் உறவாகிவிடா. அது இரவல் வந்த சொல். நமக்கே உரியது 'வாள்'. அது கன்னடத்தில் 'பாள்'. நம் 'வில்' அங்கே 'பில்லு'. நம் 'வேர்' அங்கே 'பேர்'. வகரம் பகரமாகும் இந்த ஒழுங்கே உறவுக்குச் சான்று. வெறும் ஓசை ஒப்புமை சான்றாகாது. மலாயில் 'காத்தி' என்பது ஓர் எடையளவு. நம் கத்திக்கும் அதற்கும் என்ன உறவு?

ஆயிரம் ஆண்டுகள் கழித்து நம் தோட்ட வாழ்வை ஆராய்பவர்களுக்கும் சொற்களே துணையாகலாம். வீட்டுப் பெரியவர்களிடம் கருவிகளின் பெயர்களைக் கேட்போம். எது எதற்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதி வைப்போம். பொருளை இழந்த சொல் பாதிச் சான்றுதான்.