நோய்க்காலத்துப் பாடங் கேட்டல்

(நம் சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேச வேண்டுமென்று செயலாளரவர்கள் எம்மைப் பணித்தபொழுது, பொருளை எம் விருப்பிற்கே விட்டுவிட்டார்கள். தமிழாசிரியன் ஆதலின் பழம்புலவர் ஒருவரைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். யாமோ, நம் சங்கத்தின் உபகாரச் சம்பளத்துக்கு உரியவளாயிருந்த ஒரு பெண்ணின் முதலாண்டுக் கல்வியைப் பற்றிச் சில சொல்ல எண்ணினோம். அவள் பெயரையும் அவள் பயின்ற பல்கலைக் கழகத்தின் பெயரையும் கூறப் போவதில்லை. அவளுடைய இசைவைப் பெற்றே பேசுகின்றோம். இதில் நம் சங்கத்தின் பிழையொன்றும் எம் பிழையொன்றும் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவதினும் வாளாவிருத்தல் நன்று.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் நம் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வின் கடைசி நாள். அன்று மாலையே தடையுத்தரவு பிறந்தது. மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. அந்தக் கடைசித் தேர்வுக்கு வரவியலாமற் போன பிள்ளைகள் ஏறத்தாழ 34,000 பேர். அவர்கட்கு ஜூலை 27ஆம் நாள் மறு தேர்வு வைக்க நேர்ந்தது. நம் பெண் தாய்மாமன் மிதிவண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்று தேர்வெழுதித் திரும்பினாள். கோவிற்பட்டிக்குக் கிழக்கே கரிசற் காட்டில் உள்ளதோர் சிற்றூர் அவளுடையது. தாயார் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்பவர். தந்தையார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவர். அக்குடும்பத்தில் பள்ளி கடந்து மேலே படிக்கப் புகுந்தவர் அவளுக்கு முன் எவருமிலர்.

ஜூலை 16ஆம் நாள் தேர்வு முடிவு வந்தது. கணிதத்தில் நல்ல எண்கள் பெற்றிருந்தாள். வடக்கே இரண்டு மாவட்டங் கடந்து ஒரு சிறிய பல்கலைக் கழகத்தில் இடமுங் கிடைத்தது. சிறியதென்று வேண்டுமென்றே சொன்னோம். கணிதத் துறையில் அவ்வாண்டு சேர்ந்தவர் இருபத்தெட்டுப் பேரே. பெரிய கல்லூரிகளில் ஆசிரியருக்கு மாணவர் முகமே தெரியாது. அங்கோ பெயர், ஊர், வீட்டு நிலை யாவுந் தெரியும் என்று சொல்லித்தான் யாமே அவள் தாயாரை இணங்குவித்தோம். பின்னர் நடந்ததை நோக்க, அவ்வாறு சொன்னது குறித்து ஓராண்டுக் காலம் எமக்கு நாணமே மிகுந்திருந்தது.

பல்கலைக்கழக மானியக் குழு, முதலாண்டு வகுப்புக்கள் 2020 நவம்பர் 1 முதல் தொடங்கலாமென்று கால அட்டவணை வகுத்தது. அதன்படி வகுப்புத் தொடங்கிற்று, பிள்ளைகள் செல்லவில்லை. வகுப்பு கைப்பேசிக்குள் வந்தது. வீட்டிலிருந்த டச் போன் ஒன்றே. அது தந்தையாரோடு திருப்பூர் சென்றுவிட்டது. எஞ்சியது தாயாரின் பட்டன் போன். அதிற் பேசலாமேயன்றிப் பாடங் காண இயலாது. தாய்மாமன் வேலை முடித்து வந்தபின் அவர் போனை வாங்கி, அன்றைய பாடத்தின் குறிப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் பார்த்து எழுதிக்கொள்வாள். அவள் கண்ட முதல் மாதப் பல்கலைக் கழகம் இதுவே.

டிசம்பரில் அவள் நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினாள். வெளியூர் விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைகட்கு விடுதிக் கட்டணத்துக்கென நாம் ஆண்டுதோறும் பொருள் தருவதுண்டு. விடுதி மூடிக் கிடத்தலின், அப்பணத்தைக் கொண்டு ஒரு கைப்பேசி வாங்கிக்கொள்ள விடைதர வேண்டுமென்று அரைப்பக்கத்தில் கேட்டிருந்தாள். செயற்குழுவில் அன்று அமர்ந்திருந்தோர் எழுவர்; யாமும் ஒருவர். பெண்பிள்ளை கையில் போன் கொடுப்பதாவது என்றார் ஒருவர். இன்னொருவர், வீட்டிலிருப்பவளுக்கு விடுதிப் பணம் எதற்கு என்றார். இவர்களைக் குறை கூற எமக்கு வாயில்லை. ஏனெனில், விதியில் 'விடுதியில் தங்கிப் பயில்வோர்' என்றுதானே உளது என எடுத்துக் காட்டியவர் யாமே. இலக்கணம் படித்தவனுக்கு விதியென்றால் ஒரு பித்து. விதி கூறிய அதே இலக்கண நூலார் இயல்கள் பலவற்றின் இறுதியிற் புறனடையும் வைத்தனர் என்பதனை இருபதாண்டாகப் பிள்ளைகட்குச் சொல்லி வருகின்ற எமக்கு அன்று அது நினைவுக்கு வரவில்லை. விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவ்வாண்டு அவளுக்கு நம் பணம் ஒரு காசும் போகவில்லை. தாயார் தம் காதுத் தோட்டை அடகு வைத்துப் போன் வாங்கிக் கொடுத்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்தில் மேடைகளிலும் பத்திரிகைகளிலும், ஐசக் நியூட்டன் கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டிலிருந்துதானே பெரியவற்றைக் கண்டறிந்தார், நீங்களும் அவ்வாறு செய்யலாகாதா என்று பிள்ளைகளை நோக்கிப் பலர் பேசினர். யாமும் ஒரு வகுப்பில் பேசியிருக்கின்றோம். 1665இல் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக் கழகம் மூடப்பட்டதும், அவர் தம் ஊராகிய உல்ஸ்தார்ப்புக்குச் சென்று 1667இல் மீண்டதும் மெய்யே. ஆயின் அவர் அங்கே சேர்ந்தது 1661இல். ஊர் திரும்புமுன்பே பட்டம் பெற்றவர். நான்கு ஆண்டு ஆசிரியரோடும் நூல்களோடும் பழகித் தாமே கற்கும் வகையை அறிந்தபின் தனித்திருந்தார். நம் பெண்ணோ பல்கலைக் கழகத்தின் வாயிலையும் மிதித்தவள் அல்லள். நீந்தத் தெரிந்தவனைக் கிணற்றில் இறக்குவதும், தெரியாதவனைத் தள்ளுவதும் ஒன்றாகுமா?

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், மாணாக்கன் பாடங் கேட்கும் வரலாற்றை வகுத்திருக்கின்றார். ஆசிரியர் சொன்னதை முற்றக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையிற் காற்பங்கே என்பது அவர் கணக்கு. உடன் பயில்வாரோடு பழகிக் கலந்து பேசுதலால் வருவது இன்னொரு காற்பங்கு. மீதி அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வருவது. பலகாற் பாடஞ் சொன்ன பகுதிதான். இந்தப் பெண்ணின் கதையைக் கேட்டபின்னரே அஃது எத்துணை நுட்பமான கணக்கு என்று உணர்ந்தோம்.

கைப்பேசி கொணர்ந்தது முதற் காற்பங்கு. அதுவும் முழுதாக வரவில்லை. வீட்டுக்குள் சிக்னல் எட்டாது. கண்மாய்க் கரையில் ஒரு வேலமரத்தடியிற் சென்று அமர்வாள். திரையில் இருபத்தெட்டு வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. முகம் காட்டினால் இணையச் செலவு மிகுமென்று எல்லாரும் மூடியே வைத்திருந்தனர். பெயரும் ஊரும் அறிந்த ஆசிரியர் என்று யாம் சொல்லி அனுப்பிய அந்த ஆசிரியருக்கு அவள் ஓர் எழுத்தாகவே இருந்தாள். ஐயம் தோன்றினால் கேட்கலாகாதோ எனின், அவளே சொன்னாள்: "ஐயா, வகுப்பறையில் எனில் பக்கத்திலிருப்பவளிடம் மெல்லக் கேட்பேன். இங்கே கேட்டால் எல்லார் காதிலும் விழும். நான் ஒருத்திதான் அறியாதவள் என்று எண்ணிவிடுவார்களே என்று வாய் திறக்கவில்லை." இவ்வாறே இருபத்தெழுவரும் எண்ணியிருந்தனர் என்பது பின்னர்த் தெரிய வந்தது.

நன்மையொன்றும் உண்டு; அதனையும் சொல்லுதல் முறை. சில ஆசிரியர் பாடத்தைப் பதிவு செய்து அனுப்பினர். இருமுறை கேட்டல், மும்முறை கேட்டல் என்று நன்னூலார் சொன்னது அப்பதிவினாற் கைகூடிற்று. 2021 ஜனவரியில் தமிழக அரசு 9.69 இலட்சம் மாணவர்க்கு, ஏப்ரல் முடிய நாளொன்றுக்கு 2 ஜிபி வழங்கும் அட்டைகளை இலவசமாக அறிவித்தது. அவளுக்கும் ஒன்று கிடைத்தது. அதன்பின்னரே ஒரு பாடத்தை இரண்டாம் முறை கேட்கும் செல்வம் வாய்த்தது என்றாள்.

அவ்வாண்டு பிப்ரவரி 8ஆம் நாள் கல்லூரிகள் எல்லா ஆண்டினர்க்கும் திறந்தன. விடுதியில் அறைக்கு ஒருவர். உணவறையில் எட்ட எட்ட இருக்கை. முகத்திற் பாதி துணி. இருந்தும் அதனை அவள் சொல்லும்பொழுது கண்கள் ஒளிர்வதைக் கண்டோம். கணிதத்தில் 'எல்லை' என்றொன்று உண்டாம். அதன் வரையறையை மூன்று மாதமாக ஏட்டில் எழுதி எழுதிப் பார்த்தும் பொருள் பிடிபடவில்லை. ஒருநாள் இரவு விடுதித் தாழ்வாரத்தில், இராமநாதபுரத்துப் பெண்ணொருத்தி சொன்னாளாம்: "இதைப் பந்தயம் என்று வைத்துக்கொள். விடைக்கு எவ்வளவு நெருக்கம் வேண்டுமென்று நீ கேள். அதற்கு எவ்வளவு கிட்டத்தில் நின்றால் போதுமென்று நான் சொல்கிறேன். நீ எவ்வளவு சிறிதாகக் கேட்டாலும் நான் சொல்ல முடிந்தால், எல்லை உண்டு." அவ்வளவுதான்; பத்து நிமிடம். மூன்று மாதம் திரையில் நின்ற கதவு திறந்துகொண்டது. எமக்குக் கணிதம் வராது. ஆயினும் இதனைக் கேட்டபொழுது எமக்கும் ஏதோ விளங்கினாற் போலிருந்தது. நன்னூலார் சொன்ன இரண்டாவது காற்பங்கு இதுவன்றோ!

அது நெடிது நிற்கவில்லை. மார்ச்சுத் திங்கள் பிற்பகுதியில் நோய் மீண்டும் பெருகக் கல்லூரிகளை மூடினர். முதலாண்டில் அவள் பல்கலைக் கழகத்திற் கழித்தது ஆறு கிழமைக்குச் சற்று மேல். மே மாதத்தில் தந்தையாருக்கு நோய் கண்டது. உயிர் பிழைத்தார், ஆனால் பல மாதம் வேலைக்குச் செல்லும் வலுவில்லை. திருப்பூரில் அவருடைய இடத்துக்குத் தான் போவதென்று அவள் முடிவு செய்தாள். வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். திரையில் ஒரு வட்டம் குறைந்தால் யாருக்குத் தெரியும்?

ஒருவருக்குத் தெரிந்தது. அத்துறையில் இளையராகிய ஆசிரியை ஒருவர், எழுத்தாக நின்றவர்களை மனிதராகக் காண விரும்பி, கிழமைக்கு நால்வராக எல்லாரையும் சாதாரணப் போனில் அழைத்துப் பேசத் தொடங்கியிருந்தார். இருபத்தெட்டுப் பேராதலின் அது இயன்றது. இருநூற்றெண்பது பேராயின் இயலாது. அவ்வழைப்பு தாயாரின் பட்டன் போனுக்கு வந்தது. பாடத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லையாம். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது, நீ சாப்பிட்டாயா என்றே கேட்டாராம். பிறகு, "உன் தெருவில் பள்ளி செல்லாமல் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்?" என்றாராம். பதினொருவர் என்றாள். அவர்களுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடு, நீ திருப்பூர் போவதை அடுத்த கிழமை பேசுவோம் என்று வைத்துவிட்டாராம்.

அந்தப் பதினொரு பிள்ளைகள் திண்ணையில் வந்து அமர்ந்தனர். பின்னத்தைக் கடலை மிட்டாயை உடைத்துக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாள். ஏன், எப்படி என்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடித் தன் ஏடுகளையே மறுபடி திறந்தாள். திருப்பூர்ப் பயணம் ஒரு கிழமை தள்ளிப் போயிற்று. பிறகு இன்னொரு கிழமை. பருவத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதி, விடைத்தாளைத் தபாலில் அனுப்பினாள். செப்டம்பர் 1ஆம் நாள் கல்லூரிகள் திறந்தபொழுது மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டாள்; 2023இல் பட்டம் பெற்றாள்.

உலகெங்கும் 190க்கு மேற்பட்ட நாடுகளில் 160 கோடி மாணவர் அந்நோயாற் கல்வி தடைப்பட்டனர் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. அப்பெருந்தொகை எம் மனத்தில் நிற்பதில்லை. எம் மனத்தில் நிற்பது செயற்குழு மேசைமேல் கிடந்த அந்த அரைப்பக்க விண்ணப்பம். பட்டம் பெற்றபின் அவள் எம் வீட்டுக்கு வந்தாள். அன்று தள்ளியவர்களுள் யாமும் ஒருவர் என்று சொன்னோம். "தெரியும் ஐயா, கையொப்பம் பார்த்தேன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எம் மனைவியார் கொடுத்த காப்பியைக் குடித்து, எங்கள் இளைய மகனின் கணக்கு ஏட்டைப் புரட்டிப் பார்த்துத் திருத்திவிட்டுப் போனாள்.

தாயாரின் தோடு இன்னும் மீட்கப்படவில்லை என்பதனைப் பின்னர் வேறொருவர் வாயிலாக அறிந்தோம். அதன் பொருட்டுச் சங்கத்தில் எவரிடமும் யாம் பணம் கேட்கவில்லை. அது எம் கடன், யாமே பார்த்துக்கொண்டோம். சங்கத்திடம் கேட்பது ஒன்றே. உபகாரச் சம்பள விதியில் 'விடுதியில் தங்கிப் பயில்வோர்' என்னுமிடத்தில் முன்னிரண்டு சொற்களை நீக்கிப் 'பயில்வோர்' என்று மட்டும் நிறுத்த வேண்டும். அத்திருத்தத்தை எழுதிச் செயலாளரவர்கள் கையிற் கொடுத்திருக்கின்றோம். இப்பொழுது அவர்கள் அதனைப் படிப்பார்கள்.