இளஞ்சிறார்க்கு இணையவழித் தமிழ்

பதவியின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில் ஞாயிறுதோறும் ஒரு காட்சி நடைபெறுவதுண்டு. ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைக்கிறார். ‘சாப்பிட்டாயா, கண்ணு?’ என்று கேட்கிறார். பேத்தி இந்தியில் ஏதோ விடை சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறாள். நாம் நடுவில் நின்று, பாட்டி சொன்னதைப் பேத்திக்கும் பேத்தி சொன்னதைப் பாட்டிக்கும் பெயர்த்துச் சொல்கிறோம். மத்திய அரசின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பே எங்கள் தொழில். அங்கே அதற்கு ஊதியமும் உண்டு, மதிப்பும் உண்டு. அதே தொழிலை வீட்டுக் கூடத்திலும் செய்ய நேர்ந்தபோது எங்களுக்கு உண்டானது அச்சமே. ஒரே குருதியில் வந்த இருவருக்கு இடையே இன்று ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். அடுத்த தலைமுறையில் அவரும் இருக்கமாட்டார் அல்லவா?

இந்த அச்சத்திற்கு மருந்தாக இணையவழிக் கல்வி அமையுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள். தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தி வருகிறது. இத்தகைய வாய்ப்பு எல்லா ஊரிலும் இல்லை. நம்மில் பலருடைய பிள்ளைகள் பயிலும் பள்ளியில் தமிழுக்கு ஒரு மணி நேரமும் கிடையாது. அப்பள்ளியைக் குறை கூறவும் இயலாது. பத்து மொழி பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமரும் ஊரில் அது வேறென்ன செய்யும்? பள்ளி தராததை இணையம் தரும் என்று நாம் எண்ணுவது இயல்பே.

இணையத்தில் பொருள் இல்லாமலும் இல்லை. 2001ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனம், தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழ்ச் சிறார்களை மனத்திற்கொண்டே அடிப்படைப் பாடங்களை அமைத்தது. 2017இல் மத்திய அரசு தொடங்கிய ‘தீக்ஷா’ என்னும் தளத்தில் பல மாநிலங்களின் பாடங்கள் அந்தந்த மொழியில் வைக்கப்பட்டிருக்கின்றன. தமிழும் அவற்றுள் ஒன்று. 2018 முதல் தமிழக அரசு வெளியிட்ட புதிய பாடநூல்களில் கட்டங்கட்டமாக ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். கைப்பேசியை அதன்மேல் காட்டினால் அப்பாடத்திற்குரிய காணொளி திரையில் வருகிறது. நாகபுரியிலோ குவாஹாத்தியிலோ இருக்கும் ஒரு குழந்தை, நாமக்கல்லில் ஒரு குழந்தை படிக்கும் அதே முதல் வகுப்புப் புத்தகத்தைச் செலவின்றித் திறக்கலாம். நம் முன்னோர்க்கு வாய்க்காத வசதி இது.

எனினும், தொலைவிலிருந்து கற்பிக்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. பள்ளிகளுக்கென்று பாடங்களை ஒலிபரப்பியதில் வானொலிக்கு நெடுங்கால அனுபவம் உண்டு. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோளின் துணையால், ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. காலை நேரம் பள்ளிச் சிறார்க்கு உரியதாக இருந்தது. அச்சிற்றூர்களின் பள்ளி ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெட்டி பேசி முடிக்கிறது. பிள்ளைகள் ஐயத்தோடு நிமிர்ந்து பார்க்கிறார்கள். அந்தப் பார்வைக்கு விடை சொல்ல வேண்டியவர் யார்? பெட்டியின் அருகே நிற்கும் ஆசிரியர்தாம். கருவி மாறிவிட்டது, அந்த நிமிர்ந்த பார்வை மட்டும் மாறவில்லை.

இவ்வுண்மையை நாங்கள் நூலிலிருந்து கற்கவில்லை. எங்கள் வீட்டிலேயே கற்றோம். 2020 மார்ச்சில் கொள்ளை நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு எங்கள் மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளிப் பாடங்கள் கைப்பேசியில் வந்தன. எப்படியும் வீட்டில்தானே இருக்கிறாள், தமிழையும் இவ்வழியே கற்கட்டும் என்று முடிவு செய்தோம். முதல் வகுப்புப் பாடநூலைத் திரையில் திறந்து கொடுத்துவிட்டு, நாங்கள் அலுவலகக் கோப்புகளில் மூழ்கினோம். படத்தைக் காட்டி மூன்று சொற்களைத் தரும் பயிற்சிகள் அவளுக்கு மிகவும் பிடித்தன. சரியான சொல்லைத் தொட்டால் மணி ஒலிக்கும், விண்மீன் பூக்கும். சில மாதங்களில் அவள் தவறே செய்யாமல் தொட்டாள். தமிழ் வந்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

தீபாவளியை ஒட்டிப் பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னோம். நெடுநேரம் முயன்று ஒரு வரி எழுதினாள்: ‘பாட்டி, நான் பல்லிக்குப் போகவில்லை.’ பள்ளி என்று எழுத வேண்டிய இடத்தில் பல்லி வந்துவிட்டது. நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். தொலைபேசியில் படித்துக் காட்டினோம், பாட்டியும் சிரித்தார். குழந்தை சிரிக்கவில்லை. தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். அதன்பின் பல வாரங்கள் அவள் தமிழ் எழுதவும் இல்லை. பாட்டி அழைத்தால் தொலைபேசி அருகே வரவும் இல்லை.

குற்றம் எங்கே என்று ஆராய்ந்தோம். மூன்று சொற்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வேறு. ஒன்றும் இல்லாத தாளில் ஒரு சொல்லைப் படைப்பது வேறு. திரை அவளைத் தேர்ந்தெடுக்கப் பழக்கியது, படைக்கப் பழக்கவில்லை. மேலும், லகரத்திற்கும் ளகரத்திற்கும் உள்ள வேறுபாடு நாவில் இருக்கிறது. நுனிநாக்கு மேற்பல்லின் அடியைத் தொடுகிறதா, மடங்கி அண்ணத்தைத் தொடுகிறதா என்பதைக் குழந்தை தன் வாயில் உணர வேண்டும். நாங்கள் கொடுத்த பாடம் அழகாக ஒலித்தது. குழந்தையின் வாயிலிருந்து வந்ததை அது கேட்கவில்லை. குழந்தை சொல்வதைக் கேட்டுத் திருத்தும் செயலிகளும் இப்போது வந்திருக்கின்றன. அவையும் பிழையைச் சுட்டும். நாவை எங்கே வைப்பது என்று தம் வாயைத் திறந்து காட்டமாட்டா.

நடுநிலையோடு பார்த்தால் கருவிக்கு ஒரு சிறப்பும் உண்டு. அது சலிக்காது, நூறு முறை கேட்டாலும் நூறு முறை சொல்லும். குழந்தையின் பிழையைக் கண்டு சிரிக்காது. சிரித்தவர்கள் நாங்கள். ஆகவே, கருவியிடம் பொறுமையையும், பெற்றோரிடம் கண்ணையும் செவியையும் பெற்று இரண்டையும் சேர்ப்பதே வழி என்று தெளிந்தோம்.

இவ்வழி நம் பழைய வழியே. 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார். இங்குள்ள நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு வியந்தார். அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. மணலும், அருகே அமரும் ஒரு சட்டாம்பிள்ளையும்: இவ்விரண்டும் நம் மண்ணிலிருந்து கடல் கடந்து சென்றவை. அவற்றைத் திரைக்கு அருகே மீண்டும் கொண்டுவந்து வைத்தால் போதும்.

எங்கள் இல்லத்தில் இப்போது நடைபெறும் முறையைச் சொல்கிறோம். மாலையில் அரைமணி நேரம். முதற்பத்து நிமிடம் திரை: ஓர் எழுத்து, அல்லது ஒரு பாட்டு, அல்லது ஒரு கதை, அதற்கு மேல் இல்லை. பிறகு கைப்பேசியை மூடி வைத்துவிட்டு, தட்டில் அரிசியைப் பரப்பி, கேட்ட எழுத்தை விரலால் எழுதுதல். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லுதல். இறுதியாக ஐந்து சொற்கள் சொல்வதெழுதுதல். பிழை வந்தால் சிரிப்பதில்லை. அச்சொல்லை மறுநாள் முதற்சொல்லாக வைக்கிறோம். இளையவன் இப்போது முதல் வகுப்பு. அவனுக்குச் சட்டாம்பிள்ளை வேறு யாருமில்லை. பள்ளியைப் பல்லி ஆக்கிய அவன் அக்காளே. ஒருமுறை அந்த வேதனையை அறிந்தவள் ஆதலால், தம்பியின் நாவை எங்களினும் பொறுமையாகத் திருத்துகிறாள்.

கால அளவைப் பற்றி ஐயம் உடையவர்கள் அரசின் நெறியையே நோக்கலாம். 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யதா’ என்னும் வழிகாட்டி, முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, ஆசிரியர் நேரே நடத்தும் இணைய வகுப்பு நாளொன்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிட அளவில் இரண்டு அமர்வுகளுக்கு மேல் வேண்டாம் என்றது. பள்ளியின் பங்கே இவ்வளவு என்றால், வீட்டில் தமிழுக்குப் பத்து நிமிடம் குறைவன்று.

அலுவலகத்தில் பணியாற்றும் நமக்கு இது எளிது. கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்திருக்கும் நம் சகோதரர்களை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் விடியற்காலையில் தந்தையோடு வேலைக்குப் போய்விடுகிறது. 2021இல் நாட்டின் ஊர்ப்புறங்களில் எடுக்கப்பட்ட ‘அசர்’ கல்விநிலைக் கணக்கெடுப்பின்படி, பள்ளியில் பயிலும் பிள்ளைகளுள் 67.6 விழுக்காட்டினர் வீட்டில் திறன்பேசி இருந்தது. அவ்வீட்டுப் பிள்ளைகளுள்ளும் 26.1 விழுக்காட்டினருக்கு அது கைக்கு எட்டவில்லை. நான்கில் ஒருவருக்கு வீட்டில் இருந்தும் இல்லை என்ற நிலை. தளத்தில் பாடம் ஏற்றப்பட்டதனாலேயே அது குழந்தையைச் சேர்ந்துவிட்டதாக எண்ணுவது தவறு.

இங்கேதான் நம் சங்கங்களின் கடமை தொடங்குகிறது. பொங்கலுக்கும் சித்திரைக்கும் விழா எடுக்கிறோம். ஊரிலிருந்து பேச்சாளரை அழைக்கிறோம். நன்று. அதே மண்டபத்தில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், ஒரு திரை, ஒரு தட்டு மணல், எட்டாம் வகுப்பு படிக்கும் இரண்டு பிள்ளைகள் போதும்; பத்துச் சிறுவர்க்கு ஒரு தமிழ்ப்பள்ளி தோன்றிவிடும். பாடத்தை நாம் எழுத வேண்டியதில்லை. அது இணையத்தில் ஆயத்தமாக இருக்கிறது. கைப்பேசி இல்லாத வீட்டுக் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்து வருவது ஒன்றே நம் வேலை.

எங்கள் மகளின் அந்தக் கடிதம் தலையணைக்கு அடியிலேயே நெடுநாள் கிடந்தது. அடுத்த ஆண்டு அவளே அதை எடுத்து, இரண்டு எழுத்துகளை மட்டும் அடித்துத் திருத்தி, ‘இப்போது அனுப்பலாம்’ என்றாள். அனுப்பினோம். பாட்டி அதைப் பஞ்சாங்கத்திற்குள் வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி ஒலித்தால் எங்களை யாரும் அழைப்பதில்லை. அந்த ஒரு வேலையிலிருந்து மட்டும் நாங்கள் ஓய்வு பெற்றுவிட்டோம்.

உங்கள் இல்லத்திலும் அந்த ஓய்வு விரைவில் வாய்க்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.