ஜீனா? ஜீனியா?

நடுவர் அவர்களே! எதிரணி அம்மா சொன்னாங்க: "மாமனாருக்குச் சர்க்கரை, வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, இப்ப எனக்கும். எங்க குடும்ப ஜீன் அப்படி!" மாமனார் ஜீன் மருமகளுக்கு எப்படிம்மா வந்துச்சு? அடுப்படி வழியாத்தானே! (சிரிப்பு) அவர் உங்க தாய்மாமன்னா மட்டும் வாதத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். (கைதட்டல்)

ஜீனே இல்லைன்னு நான் சொல்லலை. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-இல் கண்டறியப்பட்ட அரிவாள் செல் சோகை பிறப்போடு வருவது. தினையைத் தின்றாலும் போகாது. சர்க்கரையிலும் வம்சத்துக்குப் பங்கு உண்டு. முழுச் சொத்தும் அதுக்கில்லை.

இந்தச் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் விளைவித்து, மேடு பள்ளமெல்லாம் நடந்தே வாழ்ந்தவர்கள். இன்று அவங்க தட்டுலயும் ரேஷன் அரிசி. ரத்தம் அதே ரத்தம்தான்! நாம? இருபது கொண்டை ஊசி வளைவையும் காரில் உட்கார்ந்தே ஏறி, ஏற்காடு ஏரிக்கரையில இறங்கினதும் மிளகாய் பஜ்ஜி தேடுறோம்! (சிரிப்பு)

2006-இல் சென்னை மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வெளியானது. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றவர்களில் ஒரு பகுதியினரை நடக்க வைத்து, சாப்பாட்டைத் திருத்தினார்கள். மூன்றாண்டுக்குள் நோய் வந்தது, சும்மா விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு. நடந்தவர்களில் 39 பேருக்கு. தப்பிச்ச அந்த 16 பேரும் ஜீனை மாத்திக்கிட்டா வந்தாங்க?