பெரட்டில் விடுபட்ட பெயர்கள்



நான் செய்த பிரயாணங்களில் மறக்க முடியாதது, தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனதுதான். 1942-43இல் ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு என் பாட்டனாரும் தோட்டத்திலிருந்து போனார், திரும்பவில்லை. வருவார் என்றே நம்பி, பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை.

அங்கே யுத்தக் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 சிப்பாய்கள் வரிசையாக உறங்குகிறார்கள். கல்லுக்குக் கல் பெயர் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் மாண்ட நம் தோட்டத்து ஆட்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

பெரட்டில் ஒருநாள் பேர் விடுபட்டால் நாம் சும்மா இருப்போமா? ஆகவே, சயாம் போனவரின் பெயர், ஊர், தோட்டம் மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இன்றிரவே எழுதி வையுங்கள். கல் நாட்டுவதற்கும் முதலில் பெயர் வேண்டுமல்லவா?