புரை என்னும் சொல்

'கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது' என்கிறோம். விழியின்மேல் ஆடை படர்வதாக எண்ணச் செய்யும் தொடர் இது. உண்மையில் மேலே எதுவும் படர்வதில்லை. மாற்றம் கண்வில்லையின் உள்ளே நிகழ்கிறது.

வில்லையின் நார் உயிரணுக்கள் முதிரும்போது தம் உட்கருவை இழந்து தெளிவு பெறுகின்றன. அதன்பின் அவற்றின் கிரிஸ்டலின் புரதங்கள் புதுப்பிக்கப்படுவதில்லை. கருப்பருவத்தில் உருவானவையே வில்லையின் நடுவில் இறுதிவரை நிலைக்கின்றன. முதுமையில் அவை திரண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன. நீரிழிவிலோ, மிகுந்த சர்க்கரை சார்பிட்டாலாக மாறித் தேங்குவதால் உயிரணுக்கள் நீரேற்று வீங்குகின்றன.

புரை என்பதற்குக் குற்றம், உட்டுளை என்னும் பொருள்களும் உண்டு. ஆசிரியர்கள் அதனை 'உள்ளே நேரும் குறை' என்றே விளக்குதல் நன்று. ஆடை என நம்புவோர் சொட்டுமருந்தால் கரைக்க முயன்று காலம் கடத்துவர். பார்வை மிக மங்கியபின், அவ்வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்துவதே தீர்வு. மாணவர்களே, இதனை உங்கள் வீட்டு முதியோரிடம் எடுத்துரையுங்கள்.