சூரியன் பக்கம் திரும்பிய கொட்டகை



அமெரிக்காவில் சினிமா எடுப்பதற்கென்றே எழுந்த முதல் கட்டடம் ஒரு தார்க்காகிதக் கொட்டகை. நியூ ஜெர்சி மாநிலம் வெஸ்ட் ஆரஞ்சில், தாமஸ் ஆல்வா எடிசனின் ஆய்வுக்கூட வளாகத்தில், 1893 தொடக்கத்தில் அதைக் கட்டி முடித்தார்கள். செலவு 637 டாலர் சொச்சம். அதைத் திட்டமிட்டவர் எடிசனிடம் வேலை பார்த்த டிக்சன்.

உள்ளும் புறமும் ஒரே கறுப்பு. போலீஸ்காரர்கள் கைதிகளை அடைத்துக் கொண்டுபோகும் வண்டி மாதிரி இருக்கிறதே என்று வேலையாட்கள் கேலி செய்தார்கள். அந்த வண்டிக்கு ஊரார் வைத்திருந்த பட்டப்பெயர் ‘பிளாக் மரியா’. ஸ்டுடியோவுக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

பின்னால் இருட்டாக இருந்தால் முன்னால் நிற்கிற ஆள் பளிச்சென்று தெரிவார். சரி, அவர்மேல் வெளிச்சம் விழ வேண்டுமே? மின்விளக்கால் பெயர் வாங்கிய எடிசனின் இடத்திலேயே சூரியனைத்தான் நம்ப வேண்டியிருந்தது! அதனால் கூரையில் ஒரு பகுதியை மேலே தூக்கித் திறக்கும்படி அமைத்தார்கள். வெயில் நகர்ந்தால் கொட்டகையும் நகரும். நடுவில் அச்சு, அடியில் வட்டமான தண்டவாளம். தெருமுனையில் தேரைத் திருப்புவதுபோல் கட்டடத்தையே சூரியன் பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

1894 ஜனவரியில் பிரெட் ஆட் என்ற மீசைக்கார ஊழியர் அங்கே கேமரா முன் நின்று மூக்குப்பொடி போட்டுத் தும்மினார். படமே அவ்வளவுதான், ஏறக்குறைய ஐந்து விநாடி. அதே ஆண்டு பயில்வான் யூஜின் சாண்டோ வந்து புஜத்தை முறுக்கிக் காட்டினார். ஆமாம், நம் படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட அதே சாண்டோதான்.

இவற்றைத் திரையில் காட்டவில்லை. ஆளுயரம் இல்லாத மரப்பெட்டி; குனிந்து, துளையில் கண்ணை வைத்து ஒருவர் மட்டும் பார்க்கலாம். 1894 ஏப்ரல் 14 அன்று நியூயார்க் பிராட்வேயில் அப்படிப் பத்துப் பெட்டிகளோடு கடை திறந்தது. 25 சென்ட் கொடுத்தால் ஐந்து பெட்டி பார்க்கலாம்.

மறு ஆண்டே பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் கையில் தூக்கிப் போகக்கூடிய கேமராவோடு வந்துவிட்டார்கள். தெருவிலேயே படம் பிடிக்கலாம் என்றான பிறகு சுழலும் கொட்டகை எதற்கு? 1901இல் எடிசன் கம்பெனி நியூயார்க் நகரில் கண்ணாடிக்கூரை ஸ்டுடியோவுக்குப் போனது. 1903இல் பிளாக் மரியாவை இடித்துவிட்டார்கள்.

அந்தக் காலப் படங்களை மௌனப்படம் என்று நாம்தான் சொல்கிறோம். எடிசனின் ஆசையே வேறு. ஒலியைப் பதிவுசெய்யும் போனோகிராப் காதுக்குச் செய்வதைக் கண்ணுக்கும் செய்துவிட்டு, இரண்டையும் சேர்க்க வேண்டும் என்றிருந்தார். அந்தக் கறுப்புக் கொட்டகைக்குள்ளேயே அதற்கு ஒரு சோதனையும் நடந்தது. பெரிய ஒலிப்புனல் ஒன்றின் முன் டிக்சன் வயலின் வாசிக்கிறார்; பக்கத்தில் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். படம் ஒரு பக்கம் கிடந்தது. ஒலி பதிந்த மெழுகு உருளை உடைந்துபோய் இன்னொரு பக்கம் கிடந்தது. நூறாண்டு கழித்து உருளையை ஒட்டவைத்து, ஒலியைப் படத்தோடு இணைத்தார்கள். முதலில் ஒரு கரகரப்பு. எல்லாரும் தயாரா என்று யாரோ கேட்கிறார். பிறகு வயலின்.